உள்ளே உருளுவது எது?

கோல்ஃபில் பந்தை வெகுதூரம் அடிக்கும் பெருந்தலை மட்டைக்கு டிரைவர் என்று பெயர். பழைய டிரைவர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கண்ணால்தான் வாங்குகிறார்கள். பந்தில் படும் முகத்தில் கீறல் உண்டா, மேல்பக்கத்துப் பெயின்ட் உரிந்திருக்கிறதா, கைப்பிடி ரப்பர் தேய்ந்து வழவழப்பாகிவிட்டதா என்றெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். காதருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்க்கிறவரை நான் அதிகம் கண்டதில்லை. வீட்டுக்கு வந்து பையிலிருந்து உருவும்போதுதான் அந்தச் சத்தம் கேட்கிறது. மட்டையின் தலைக்குள் ஏதோ ஒன்று லொடலொடவென்று ஓடுகிறது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: கொஞ்சம் பசையை உள்ளே ஊற்றுங்கள், அடங்கிவிடும்.

இந்தப் பதிலோடு எனக்கு நெடுநாள் சண்டை. உருளுவது எது என்று தெரியாமல் பசை ஊற்றுவது, வயிற்றுவலி எதனால் என்று பார்க்காமல் வலி மாத்திரை விழுங்குவதைப் போன்றது. வெளியே எடுத்துப் போட்டிருக்க வேண்டிய குப்பை உள்ளேயே நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. தலையின் எடை கூடுகிறது. தளர்ந்துகொண்டிருக்கும் ஒரு ஒட்டு தந்த எச்சரிக்கையும் அதோடு அமுங்கிப்போகிறது. டிரைவர் தலைக்குள் சத்தம் கேட்டால் முதலில் கேட்க வேண்டும், பிறகு எடுக்க வேண்டும், எடுக்கவே முடியாததைத்தான் ஒட்ட வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மரத்தலைகளின் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. பெர்சிமன் மரத்தில் செதுக்கிய தலை உள்ளே வரைக்கும் கட்டிதான். வறண்ட காலத்தில் மரம் சுருங்கி, அடியில் பதித்த உலோகத் தகட்டின் திருகு தளர்ந்தால் ஒரு சின்ன அதிர்வு கேட்கும், அவ்வளவே. 1979-இல் கேரி ஆடம்ஸ் டெய்லர்மேட் நிறுவனத்தைத் தொடங்கி, எஃகால் ஆன உள்ளீடற்ற டிரைவரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். தலைக்குள் வெற்றிடம் வந்த பிறகுதான் அதற்குள் ஏதேனும் உருளுவதற்கும் இடம் வந்தது. அக்காலத்து எஃகுத் தலைகள் பலவற்றில், அடிக்கும் ஓசையை மட்டுப்படுத்த நுரைப்பொருளை அடைத்திருந்தார்கள். ஆண்டுகள் போகப்போக அந்த நுரை பொடிந்து, தலைக்குள் மணல் ஓடுவதுபோல் சலசலக்கும். எண்பதுகளின் மட்டை யார் வீட்டுப் பரணிலாவது கிடைத்தால் இதை நீங்களே கேட்கலாம்.

பிறகு தலை ஊதிக்கொண்டே போனது. கேலவேயின் பிக் பெர்த்தா 1991-இல் வந்தபோது அதன் கொள்ளளவு சுமார் 190 கன சென்டிமீட்டர். அதுவே பூதாகாரமாகத் தெரிந்தது. 1995-இல் அதே நிறுவனம் டைட்டானியத்தில் ஏறத்தாழ 250 கன சென்டிமீட்டர் தலையைச் செய்தது. இன்று விதி அனுமதிக்கும் உச்சம் 460 கன சென்டிமீட்டர், கிட்டத்தட்ட அரை லிட்டர். இவ்வளவு பெரிய கூட்டின் எடை சுமார் 200 கிராம்தான். இது எப்படிச் சாத்தியமென்றால், மேற்பகுதியின் தகடு ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது.

இந்தத் தலைகள் வார்க்கப்படும் முறை நம்மவர்களுக்குப் புதிதல்ல. மெழுகில் உரு செய்து, அதன்மேல் அச்சுப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலையில் செம்பும் பித்தளையும் கலந்து ஊற்றுகிறார்கள். இங்கே டைட்டானியக் கலவை. உருகிய டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும் என்பதால் வெற்றிடத்தில் ஊற்ற வேண்டியிருக்கிறது. உடலையும் முகத்தையும் தனித்தனியே செய்து பற்றவைப்பது பரவலான முறை. பற்றவைக்கும்போது தெறிக்கும் உலோகத் துளிகள் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. தலை குறித்த எடைக்கு வரவில்லை என்றால், உருக்கிய பிசினைச் சிறிதளவு உள்ளே செலுத்தி நிரவுவதும் வழக்கம். ஹாட் மெல்ட் என்பார்கள். ஆக, தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் நாளிலேயே அந்தக் கூட்டுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருட்கள் சில உண்டு. அவற்றில் ஏதோ ஒன்று ஒருநாள் பிடி விடுகிறது.

சென்னை வெயில் அதற்குத் துணைபோகிறது. ஏப்ரல், மே மாதங்களில் மட்டைப் பையைக் காரின் டிக்கியிலேயே விட்டுவைப்பவர்களை எனக்குத் தெரியும். மூடிய காருக்குள் ஏறும் சூட்டில் பிசின் இளகுகிறது, மாலையில் இறுகுகிறது. இப்படி நாள்தோறும் இளகி இறுகும் பிசின், சுவரைப் பற்றியிருப்பது எத்தனை காலத்துக்கு?

நான் வாங்கிய டிரைவர் ஒரு கைமாறி வந்தது. புது டிரைவர் இன்று நம் ஊரில் ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அந்த விலையில் ஒரு சிறு பங்குக்கு இது கிடைத்தது. தண்டைத் தலையோடு பசையால் ஒட்டும் பழைய வகை. திருகிக் கழற்றும் கழுத்து 2009 வாக்கில் பரவலானதற்கு முந்தைய மட்டை. தலை உருண்டு நிறைந்து, தரையில் வைத்தால் அசையாமல் அமர்ந்தது. முதல் பார்வையிலேயே மனதுக்குப் பிடித்துவிட்டது. சத்தமும் இருந்தது.

எங்கள் மைதானத்தில் இளவயதிலிருந்து ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் ‘கேடி’யாக இருந்து, இப்போது கைப்பிடி மாற்றுவது, தண்டு ஒட்டுவது என்று பழுதுவேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மட்டையை அவரிடம் கொடுக்கும் முன் நான் பலமாகக் குலுக்கிக் காட்டினேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“குலுக்காதீர்கள் சார். குலுக்கினால் எல்லாச் சத்தமும் ஒன்றாகிவிடும். மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள்.”

பிறகு அவரே மட்டையை வாங்கி, தலையை இடது உள்ளங்கையில் ஏந்தி, காதுக்கு அருகில் வைத்து, கடிகார முள் நகரும் வேகத்தில் சாய்த்தார். பழுதுபார்ப்பில் நான் கற்ற மிக மதிப்புள்ள பாடம் இதுதான். வேகமாகக் குலுக்கும்போது கேட்பது வெறும் இரைச்சல். மெதுவாகச் சாய்க்கும்போது அந்தப் பொருள் எப்போது நகரத் தொடங்குகிறது, எவ்வளவு தூரம் ஓடுகிறது, எதில் போய் முட்டுகிறது என்று மூன்றும் தனித்தனியே கேட்கும். நகர்வதற்கும் முட்டுவதற்கும் இடையே ஒரு சிறு இடைவெளி இருந்தால் அது விடுபட்ட துண்டு. சாய்த்த கணமே இடைவெளியின்றி ‘டிக்’ என்று ஒலித்தால், தன் இடத்திலேயே தளர்ந்து ஆடும் ஏதோ ஒன்று. பெரும்பாலும் அடியிலுள்ள எடைத் திருகு. அதை உரிய சாவியால் முறுக்கினாலே போதும், வேலை முடிந்தது.

துண்டு என்று தெரிந்தால், என்ன துண்டு என்பதையும் காது சொல்லும். சன்னமாகச் சலசலத்தால் எப்பாக்ஸிப் பசையின் பொடி, அல்லது தண்டை நடுவில் நிறுத்துவதற்காகப் பசையோடு கலக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள். ‘கிளிங்’ என்று உலோகத்தில் உலோகம் பட்டால் பற்றவைப்பில் தெறித்த துளி, அல்லது எடை கூட்டுவதற்காகத் தண்டின் நுனியில் செருகிய சிறு முளை கழன்று விழுந்தது. தயங்கி நகர்ந்து ‘தொப்’பென்று மழுங்கிய ஓசையோடு விழுந்தால் பிசின் கட்டி. சாய்க்கும்போது எதுவும் கேட்காமல் பந்தை அடிக்கும்போது மட்டும் ‘கிர்’ என்று அதிர்ந்தால், தண்டும் தலையும் சேருமிடத்துக் கறுப்பு வளையமான ஃபெரூலையும், கார்பன் மேல்மூடியின் ஒட்டையும் சந்தேகிக்க வேண்டும். ஒரு நாணயத்தால் மேல்மூடியை அங்கங்கே தட்டினால், ஒட்டு விட்ட இடத்தில் ஓசை செத்து ஒலிக்கும். சத்தம் தண்டின் நீளத்துக்கும் ஓடினால் தலைக்கு அதில் சம்பந்தமே இல்லை. கைப்பிடியின் அடியில் ஒட்டிய டேப்பின் துணுக்கோ தண்டுக்குள் விழுந்த பசைத் துகளோ இருக்கும்.

தலையைத் திருகிக் கழற்ற முடிகிற புதிய மட்டையென்றால் இவ்வளவு ஊகம் தேவையில்லை. கழற்றி, தலையைத் தனியாகவும் தண்டைத் தனியாகவும் சாய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

என் மட்டையில் இரண்டு சத்தங்கள் இருந்தன. சன்னமாக ஒன்று, மழுங்கலாக ஒன்று. அண்ணன் அதை ஒரு நிமிடத்தில் பிரித்துச் சொன்னார். ஆனால் உடனே வேலையில் இறங்கவில்லை. தண்டு, ஃபெரூல், தலையின் கழுத்து மூன்றின் மீதும் குறுக்கே ஒரே நேர்கோடாகப் பென்சிலால் கோடு போட்டார். தலையைப் பிடித்துக்கொண்டு தண்டை முறுக்கச் சொன்னார். கோடு எங்காவது விலகினால் தண்டின் ஒட்டே போய்விட்டது என்று பொருள். அப்படிப்பட்ட மட்டையை ஒருமுறைகூட வீசக்கூடாது. சாதாரண ஆட்டக்காரரின் டிரைவர் தலைகூட மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. கழன்றால் பக்கத்தில் நிற்பவர் கதி என்னவாகும்? சத்தத்தைச் சரிசெய்வது ஆட்டத்தின் சுகத்துக்காக என்று நினைப்பவர்கள் இந்தச் சோதனையை மட்டுமாவது செய்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சின்னத் துகள்தானே, பந்தின் ஓட்டத்தை அது என்ன செய்துவிடும் என்ற கேள்வி நியாயமானது. பந்தும் முகமும் தொட்டுக்கொண்டிருப்பது அரை மில்லிவினாடி அளவுதான். அந்த நேரத்தில் கால் கிராம் துகள் தூரத்தையோ திசையையோ மாற்றாது. ஆனால் கணக்கை வேறு பக்கத்திலிருந்து போட்டுப் பாருங்கள். 200 கிராம் தலை, 46 கிராமுக்குச் சற்றுக் குறைந்த பந்தை அடிக்கும்போது தன் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. மணிக்கு 150 கிலோமீட்டரில் வந்த தலை 100-க்கு இறங்குகிறது. உள்ளே ஒட்டாமல் கிடக்கும் துண்டுக்கு இந்த வேகக்குறைவு தெரியாது. அது பழைய வேகத்திலேயே பாய்ந்து, மணிக்கு 50 கிலோமீட்டர் வித்தியாசத்தில் முகத்தின் பின்புறத்தில் அறைகிறது. ஒவ்வொரு அடிக்கும் இது நடக்கிறது. எப்பாக்ஸிப் பொடியென்றால் அதுவே நொறுங்கும். உலோகத் துண்டென்றால் மெல்லிய முகத்துக்கும் கார்பன் மூடிக்கும் அது நல்லதல்ல. அதோடு, மட்டையை மேலே தூக்கித் திருப்பும் கணத்தில் தலைக்குள் ஏதோ இடம் மாறுவது கையிலும் காதிலும் பட்டால், மனம் பந்தை விட்டுவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை இது ஒன்றே மட்டையைப் பழுதுபார்க்கப் போதுமான காரணம்.

தண்டைக் கழற்றுவதற்குச் சுடுகாற்றை ஊதும் ஹீட் கன் வேண்டும், தண்டை நேராக இழுக்கும் கருவி வேண்டும். கழுத்தைச் சுற்றிச் சூட்டை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் பெயின்ட் கருகும். எப்பாக்ஸி இளகியதும் நேராக உருவ வேண்டும். எஃகுத் தண்டென்றால் சற்று முறுக்கலாம். கிராஃபைட் தண்டை முறுக்கவே கூடாது. அதன் இழைகள் நீளவாட்டில் பிளந்துவிடும். அதிகச் சூடும் ஆகாது, ஏனென்றால் அந்த இழைகளைக் கட்டிவைத்திருப்பதும் ஒரு பிசின்தான். கருவி இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவது நல்லது. அண்ணன் இழுக்கும் கருவியின் திருகைச் சுற்றச் சுற்ற, கொஞ்சமும் அவசரமில்லாமல் தண்டு வெளியே வந்தது.

கழுத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். இதில் இரண்டு வகை உண்டு. சில தலைகளில் கழுத்தின் குழி அடியில் மூடியிருக்கும். அவற்றில் கழுத்து வழியாக எதையும் எடுக்க முடியாது. எங்கள் நல்வாய்ப்பாக இது திறந்த வகை, நேராகக் கூட்டுக்குள் போகும் வழி. தலையைக் கவிழ்த்து, அடிப்பாகத்தை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே மெதுவாகச் சுற்றினார். வெள்ளைத் தாளின் மீது தேன்நிற எப்பாக்ஸித் துணுக்குகள் விழுந்தன.

அவை எப்படி உள்ளே போயின என்பதும் அப்போது தெரிந்தது. முன்பு தண்டை ஒட்டியவர் பசையைத் தாராளமாக வைத்திருக்கிறார். தண்டைச் செருகும்போது மிகுந்த பசை நுனிக்கு அடியில் பிதுங்கி, ஒரு விளிம்பாக இறுகியிருக்கிறது. அடிக்க அடிக்க அந்த விளிம்பு உடைந்து உதிர்ந்திருக்கிறது. கழுத்தின் அடியில் மிச்சமிருந்த விளிம்பை அண்ணன் கம்பித் தூரிகையால் சுரண்டி எடுத்தார். இதைச் செய்யாமல் வெறுமனே பசை ஊற்றியிருந்தால், சில மாதங்களில் அடுத்த துணுக்கு விழுந்திருக்கும். முதலில் எடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது பிசின் கட்டி. சாதாரண கிராஃபைட் தண்டின் நுனி விட்டமே 8.5 மில்லிமீட்டர், கழுத்தின் துளையும் அதற்கேற்ற அளவுதான். கட்டி அதைவிடப் பெரியது, வெளியே வராது. இது தலையின் எடைக்காகவே வைத்தது என்பதால் எடுக்கவும் வேண்டியதில்லை, திரும்ப உட்கார வைத்தால் போதும். தலையைச் சாய்த்துக் கட்டியை அடிப்பாகத்தின் பின்கோடிக்கு ஓடவிட்டு, அதே நிலையில் மணல் நிரப்பிய டப்பாவில் அசையாமல் பதித்து, அடிப்புறத்தை மட்டும் மிதமான சூட்டில் வாட்டினோம். இளகிய கட்டி உலோகத்தில் படிந்தது. நன்றாக ஆறும்வரை யாரும் தொடவில்லை. கார்பன் மூடி போட்ட தலையென்றால் இந்த வேலையை நான் செய்யவிடமாட்டேன். மூடியை உலோகத்தோடு பிணைப்பதும் பசைதான், சூடு அதையும் இளக்கும்.

பசை ஊற்றுவதற்கும் இடம் உண்டு, அந்த இடம் கடைசி. துகள் எதுவும் இனி வெளிவராது, ஆனாலும் மிகச் சன்னமாக ஏதோ கேட்கிறது என்ற நிலையில், எலி பிடிக்கும் பசையைப் போல ஆறினாலும் ஒட்டும் குணம் போகாத பசையை வெந்நீரில் வைத்து இளக்கி, கழுத்து வழியே சில சொட்டுகள் விடலாம். கைவினைக் கடைகளில் விற்கும் குளூ கன் பசை இதற்கு உதவாது. ஆறியதும் அது வழவழப்பான கட்டியாகிவிடும். அதுவே பின்னொரு நாள் பெயர்ந்து புதிய சத்தமாகும். பசை முகத்தின் பின்புறம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தகடு வளைந்து மீள்வதில்தான் பந்தின் வேகமே இருக்கிறது. அந்த மீள்திறனுக்கு விதிகள் எல்லை வைத்திருக்கின்றன. தயாரிப்பாளர்கள் அந்த எல்லையைத் தொட்டுவிடத் தகட்டின் தடிமனை இடத்துக்கு இடம் மாற்றி இழைக்கிறார்கள். அதன்மேல் பசையைப் பூசி மந்தமாக்குவது அந்த உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

எடையையும் பார்க்க வேண்டும். தலையில் இரண்டு கிராம் கூடினால், வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரியும் என்பதைக் குறிக்கும் ஸ்விங் வெயிட் அளவில் ஒரு புள்ளி ஏறும். டி1 என்றிருந்தது டி2 ஆகிவிடும். பழகிய கைக்கு நான்கைந்து கிராம் கூடினால் உடனே தெரியும். தலையில் தண்டு சேரும் குதிகால் பக்கம் எடை கூடினால், வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் வளையச் சாயும். அதற்கு எதிரே தலையின் நுனிப் பக்கம் கூடினால் வலப்பக்கம். தொழில்முறை ஆட்டக்காரர்களின் மட்டைகளில் பிசினை வேண்டுமென்றே ஓரிடத்தில் செலுத்துவது இதற்காகத்தான். ஆகவே தலையை வேலைக்கு முன்பும் பின்பும் தராசில் வைத்துக் குறித்துக்கொள்வது அவசியம். பத்தில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு போதும்.

பிறகு தண்டின் நுனியை உப்புத்தாளால் தேய்த்து, பழைய பசையைச் சுத்தமாக நீக்கி, புதிய எப்பாக்ஸியை மெல்லிய படலமாகத் தடவி ஒட்டினார். ஒருநாள் முழுக்கத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். இந்த வேலை எதையும் ஆட்டத்துக்கு நடுவே செய்யக்கூடாது. ஒரு சுற்று நடந்துகொண்டிருக்கும்போது மட்டையின் இயல்பை வேண்டுமென்றே மாற்றி அதைக் கொண்டு அடிப்பதை விதி 4.1 தடுக்கிறது, ஒரு துண்டு ஈய நாடா ஒட்டுவதுகூட அதில் அடங்கும்.

மறுவாரம் பயிற்சித் திடலில் அடித்துப் பார்த்தேன். அடியின் ஓசை ஒன்றாகச் சேர்ந்து, கூர்மையாக வந்தது. பந்தைத் தொட்ட இடம் எது என்பதைக் காதே சொன்னது. முன்பு அந்த இரைச்சலில் அது புதைந்துபோயிருந்தது. இவ்வளவு நல்ல தலையை யாரோ சத்தத்துக்காக விற்றுவிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பழைய டிரைவர் வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் கேட்டு, அமைதியான இடத்தில் தலையைக் காதருகே வைத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். பொடியோ பிசின் கட்டியோ என்றால் பயப்பட வேண்டாம். பழுதுக்கூலியை விலையில் கழிக்கச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். உலோகம் உலோகத்தில் படும் ஓசை கேட்டால், முகமும் உடலும் சேரும் விளிம்பை வெளிச்சத்தில் சுற்றிலும் பாருங்கள். மயிரிழை அளவுக்கு ஒரு கோடு தெரிந்து, நகத்தை ஓட்டும்போது அதில் தடுக்கினால் அது கீறல் அல்ல, விரிசல். அந்த மட்டையை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.